கிராபிக்ஸ் கார்டுக்கு முன்னால் பவர் சப்ளையைப் பாருங்கள்
மார்த்தாண்டத்தில் தங்கச்சி மகன், "பத்துப் பதினைந்தாயிரத்துக்குள்ள ஒரு கார்டு சொல்லுங்க மாமா" என்றான். "மொதல்ல கம்ப்யூட்டர் மூடியக் கழத்து மக்களே" என்றேன். உள்ளே பெயர் தெரியாத பவர் சப்ளை (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் தரும் பெட்டி), அதில் கார்டுக்குத் தனி வயரே இல்லை. இப்படி இருந்தால் மதர்போர்டில் கார்டைச் சொருகும் ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடுகிற ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி கார்டுதான் சரி, அதிலும் சில மாடல்கள் 6 பின் வயர் கேட்கும், பார்த்து வாங்குங்கள்.

நல்ல 450 வாட் சப்ளை இருக்கிறதா? செகண்ட் ஹேண்டிலாவது 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 தேடுங்கள், 132 வாட் கார்டு, 1080பி (ஃபுல் எச்டி) கேமுக்குத் தாராளம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யின் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். 4 ஜிபி மெமரி, டேட்டா போக நாலே பாதை (லேன்), ஸ்லாட் பழைய தலைமுறை பிசிஐஇ 3.0 ஆக இருக்கும் போர்டில் போட்டால் வேகம் இன்னும் அடிவாங்கும்.

அப்புறம், நாகர்கோவிலில் பழைய கார்டு வாங்கினாலும் அது குளச்சல், முட்டம் மாதிரி கடலோர வீட்டில் ஓடியதா என்று கேளுங்கள். உப்புக் காற்று சும்மா விடாது. கேபிள் சொருகும் தகட்டில் துரு, சூட்டைக் கடத்தும் செம்புக் குழாயில் பச்சை படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.