நினைவுச் சுவரோவியம்: அந்த முகம் தெருவில் நிலைக்க என்ன செய்ய வேண்டும்

2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் காவலரின் முழங்காலடியில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் உயிரிழந்தார். சில நாட்களுக்குள், 38ஆம் தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் முனையில், கடைச் சுவர் ஒன்றில் அவர் முகம் வரையப்பட்டது. பின்னால் பெரிய சூரியகாந்திப் பூ. பூவின் நடுவே, காவல்துறையால் கொல்லப்பட்ட மற்றக் கறுப்பினத்தவரின் பெயர்கள். அதன்பின் அமெரிக்காவின் பல ஊர்களில் இப்படிப்பட்ட சுவர்கள் எழுந்தன. பல இன்று இல்லை.

உடனே வரைந்தாக வேண்டும் என்ற தவிப்பு நியாயமானதுதான். ஆனால் ஈரச் சுவரில் அவசரமாகப் பூசிய பெயிண்ட் அடுத்த குளிர்காலத்திலேயே செதில் செதிலாக உரியும். அந்த உரிந்த முகத்தைத் தினமும் கடந்து போகிறவர் இறந்தவரின் தாயாகவும் இருக்கலாம். ஆகவே முதல் வாரத்தைச் சுவருக்கும் குடும்பத்துக்கும் கொடுங்கள்.

முதலில் குடும்பம். எந்தப் புகைப்படம் என்பதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். காவல் நிலையத்தில் எடுத்த படமோ, கொலைக் காணொளியிலிருந்து வெட்டிய காட்சியோ வேண்டவே வேண்டாம். பெயரின் எழுத்துகளை அவர்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நாளிதழில் வந்த எழுத்தை நம்பாதீர்கள். பெயர்ப் பட்டியல் வரும் ஓவியமானால் ஓரத்தில் இடம் விட்டு வையுங்கள். பெயர் சேர்க்க வேண்டிய நாள் வருகிறது. எதிர்ச்சாரி நடைபாதையிலிருந்து, சுமார் 30 அடி தூரத்தில் நின்று சிரமமின்றிப் படிக்க எழுத்து குறைந்தது 3 அங்குல உயரம் இருக்க வேண்டும்.

அடுத்தது அனுமதி. 1921இல் கறுப்பினத்தவர் படுகொலை செய்யப்பட்ட டல்சாவின் கிரீன்வுட் பகுதியில், 2020 ஜூனில் சாலையில் எழுதிய ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ (கறுப்பின உயிர்களும் முக்கியம்) வாசகம், அனுமதி பெறவில்லை என்ற காரணத்தால் அக்டோபரிலேயே அகற்றப்பட்டது. சுவர் உரிமையாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்: குறைந்தது 5 ஆண்டு, பழுது பார்ப்பது யார் பொறுப்பு, கட்டடம் கைமாறினால் 90 நாள் முன்னறிவிப்பு. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுக் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம், பெயர்பெற்ற படைப்பை அழிப்பதற்கு எதிராகக் கலைஞருக்குப் பாதுகாப்பு தருகிறது. நியூயார்க்கின் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ கட்டடத்தில் 2013இல் ஓவியங்களின் மேல் வெள்ளையடித்துவிட்ட உரிமையாளர் 67.5 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2018இல் தீர்ப்பானது. ஆனால் இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி ஒளிந்திருக்கலாம். அதில் கையெழுத்துப் போட்டால் பாதுகாப்பு போய்விடும். அனுமதியின்றி வரைந்த ஓவியத்துக்கு இந்தச் சட்டத்தை நம்பி நிற்கவும் முடியாது.

சுவரைப் பாருங்கள். ஒஹையோவின் டொலீடோ நகரில் ஃப்ளாய்டின் ஓவியம் 2021 ஜூலை 13 அன்று செங்கற்குவியலாகச் சரிந்தது. மின்னல் தாக்கியதாகக் கண்டவர்கள் சொன்னார்கள். சுவரின் நடுப்பகுதி ஏற்கெனவே பிதுங்கியிருந்ததாகக் கட்டட ஆய்வாளர் சொன்னார். எனவே பக்கவாட்டில் நின்று நூல் பிடித்துப் பாருங்கள். பிதுக்கம் தெரிந்தால் அந்தச் சுவர் வேண்டாம். விரல் முட்டியால் தட்டுங்கள். பொத்தென்று கேட்கும் இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது. வெள்ளை உப்பு பூத்திருந்தால் உள்ளே ஓதம், அதாவது ஈரக்கசிவு. 18 அங்குலச் சதுரக் கண்ணாடிப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் நீர் கோத்தால் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசக் கூடாது. புதிய சிமென்ட் பூச்சானால் 28 நாள் காத்திருங்கள். அதன் காரம் நிறத்தைத் தின்றுவிடும். நூறாண்டுப் பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் அக்ரிலிக் வேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துச் செங்கல்லின் முகத்தைப் பெயர்த்துவிடும். அங்கே ஈரத்தை வெளியேற விடும் சிலிகேட் பெயிண்ட்தான் சரி.

அளவுக் கணக்கு: 20 அடிக்கு 12 அடி, அதாவது 240 சதுர அடிச் செங்கற்சுவருக்கு வெளிப்புறச் சுவர் பிரைமர் 2 கேலன் (ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்), பின்னணி நிறம் இரண்டு பூச்சுக்கு 2 முதல் 3 கேலன், முகத்துக்கான நிறங்கள் கால் கேலன் டப்பாவாக ஏழெட்டு. செங்கல்லின் பள்ளங்களுக்குள் போக முக்கால் அங்குல ரோமமுள்ள ரோலர் வேண்டும். சுவரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் அக்ரிலிக் படலம் சேராமல் பொடியாக உதிரும். 10 அடிக்கு மேலே ஏணி வேண்டாம். கைப்பிடித் தடுப்புள்ள சாரம் கட்டுங்கள்.

படத்தைச் சுவருக்கு மாற்றப் பலர் புரொஜெக்டரைத்தான் நினைப்பார்கள். அதற்கு இருட்டு வேண்டும். நடுத்தெருவில் தெருவிளக்கு விடாது. கைபேசி வழி எளிது. சுவரெங்கும் வட்டம், எழுத்து, அம்பு என ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாத குறிகளைக் கிறுக்கி, நேர் எதிரே நின்று படம் எடுங்கள். ஓவியத்தை அதன்மேல் பாதி ஒளிபுகும்படி வையுங்கள். எந்தக் குறிக்கு நேரே கண் வருகிறது, எதற்கு நேரே உதடு வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் கோடு இழுக்கலாம்.

அதிகம் கெடுவது தோல் நிறத்தில்தான். கறுப்பு டப்பாவைத் திறக்காதீர்கள். கறுப்பு கலந்தால் முகம் சாம்பல் பூத்து, சதையின் சூடு போய்விடும். நிழலுக்கு பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) 4 பங்கு, அல்ட்ராமரின் நீலம் 1 பங்கு. நடு நிறத்துக்கு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) 3, பர்ன்ட் அம்பர் 2, மஞ்சள் ஓக்கர் 1. இங்கிருந்து தொடங்கி, புகைப்படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். நெற்றியிலும் கன்ன மேட்டிலும் விழும் ஒளிக்கு வெறும் வெள்ளை வேண்டாம். கருமையான தோல் வானத்தின் நீலத்தை வாங்கிக் காட்டும். நடு நிறத்தில் வெளிர்நீலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் அந்த மினுக்கம் வரும். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும், அதனால் உள்ளங்கை அளவு பூசிக் காய்ந்தபின் முடிவு செய்யுங்கள். இவை பெரும்பாலும் மண் நிறமிகள், வெயிலில் எளிதில் வெளுக்காதவை. மலிவான சிவப்பும் மஜெந்தாவும் இரண்டு மூன்று கோடையில் வெளிறிவிடும். டப்பாவில் ஒளித்தாங்கு தரம் (லைட்ஃபாஸ்ட்னெஸ்) 1 என்று இருப்பதைத் தேடி வாங்குங்கள்.

சாலையில் எழுதுவது வேறு வேலை. வாஷிங்டனின் 16ஆம் தெருவில் 2020 ஜூன் 5 அன்று மஞ்சளில் எழுதிய அதே ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ வாசகம் சாலைக்கோட்டு வேலையைப் போன்றதுதான் (அது 2025 மார்ச்சில் பெயர்த்தெடுக்கப்பட்டது). சாலைப் பெயிண்ட் ஒரு கேலனுக்குச் சுமார் 100 சதுர அடிதான் வரும். புதிய தார் ஒரு மாதமாவது ஆற வேண்டும். வழுக்காமலிருக்க ஈரத்திலேயே நுண்மணல் தூவுங்கள். இதை மறந்தால் மழையில் இருசக்கர வண்டிக்காரர் விழுவார்.

கடை ஜன்னல் அடைத்த பிளைவுட்டில் வரைந்தால் பலகையின் விளிம்பு நான்கிலும் முதலில் பிரைமர் பூசுங்கள். தண்ணீர் அங்கேதான் புகுந்து பலகையைப் பிளக்கும். மினியாபொலிஸில் ‘மெமோரியலைஸ் த மூவ்மென்ட்’ என்ற அமைப்பு இத்தகைய பலகைகளை நூற்றுக்கணக்கில் காப்பாற்றி வைத்திருக்கிறது.

முடித்த பிறகு ஒரு வாரமாவது காயவிட்டு மேற்பூச்சு. வெறுப்பாளர்கள் சிதைப்பார்கள் என்று எதிர்பார்த்தே தான் கழன்று ஓவியத்தைக் காக்கும் மெழுகு வகைத் தியாகப் பூச்சு போடுங்கள். ஸ்ப்ரே கிறுக்கல் விழுந்தால் சுடுநீர் அழுத்தத்தில் மெழுகோடு கழன்றுவிடும், மறுபடி பூசலாம். பனி இறங்கிய காலையில் பூசினால் பால்போல் வெளுத்துப்போகும்.

கலவை விகிதங்களை எழுதி, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிறு மூடிய புட்டி எடுத்துவைத்து, யார் வீட்டில் இருக்கிறது என்று குடும்பத்திடம் சொல்லுங்கள். கிறுக்கல் விழுந்ததாக இரவில் தொலைபேசி வந்தால், முதலில் படம் எடுத்துப் பதிவு செய்துவிட்டு, விடிவதற்குள் கழுவிச் சரிசெய்ய அந்தப் புட்டி தேவைப்படும்.