தாத்தா காலத்து இங்க் பேனாவை மறுபடி எழுத வைப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர்கள் வீட்டு மேசை இழுப்பறையைத் துழாவினால் ஒரு கறுப்பு இங்க் பேனா அகப்படலாம். நிப்பு போய்விட்டது என்று ஒதுக்கியிருப்பார்கள். பெரும்பாலும் மை காய்ந்து அடைத்திருக்கும், அவ்வளவுதான்.

முதலில் கழுத்தை, அதாவது நிப்பு செருகியிருக்கும் முன்பகுதியை, திருகிக் கழற்றுங்கள். உடல் வெறும் குழாயாக இருந்தால் அது ஃபில்லரால் மை ஊற்றும் பேனா. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுதான் தோது. உள்ளே ரப்பர் பை இறுகிக் கிடந்தால் இப்போதைக்கு மூடி வையுங்கள். பையை மாற்றி அரக்குக் கரைசலால் ஒட்டுவது தனி வேலை. கழுத்து அசையவில்லையா? குறடு வேண்டவே வேண்டாம். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் வழுக்காது.

உடலைக் கட்டை விரலால் தேய்த்து மோந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெந்நீர் பட்டால் அதன் கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும். ஸ்பிரிட் எந்தப் பழைய பேனாவுக்கும் ஆகாது.

இனி ஊறவைப்பது. ஒரு டம்ளரில் நிப்பும் அதன் அடியில் இருக்கும் நாக்கட்டையும் மட்டும் முங்கும் அளவுக்குத் தண்ணீர் போதும். ஊட்டிக் குழாயில் மார்கழி மாதம் வரும் தண்ணீரில் மைக்குக் கரைய மனசே வராது. குளிர் விடும் அளவுக்கு லேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். நீலம் இறங்க இறங்கத் தண்ணீரை மாற்றி, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் நிப்பையும் நாக்கட்டையும் துணியால் சேர்த்துப் பிடித்து நேராக இழுத்தால் பல பேனாக்களில் கழன்று வரும். வரவில்லை என்றால் மல்லுக்கட்டாமல் இன்னொரு நாள் ஊறவிடுங்கள். நாக்கட்டையின் மெல்லிய பள்ளத்தில்தான் மை இறங்குகிறது. அதைப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். நிப்பின் பிளவில் பிளேடு விடும் பள்ளிக்கூடப் பழக்கம் எனக்குப் பிடிக்காது. பிளவு அகன்றுவிட்டால் மை ஒழுங்காக முனைக்கு வராது. பழைய போட்டோ நெகட்டிவ் துண்டை உள்ளே நுழைத்து இழுத்தாலே அழுக்கு வந்துவிடும்.

உலர்த்துவதில் அவசரம் கூடாது. மூடுபனிக் காலத்தில் இங்கே எதுவும் சட்டென்று காயாது. டிஷ்யூ பேப்பரில் சுற்றி இரண்டு நாள் வையுங்கள்; ஹீட்டர் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம் நிப்பையும் நாக்கட்டையும் சேர்த்துச் செருகுங்கள். கழுத்து மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் கசியாது. முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி, டிஷ்யூவில் சுற்றி, நிப்பு கீழே பார்க்க ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். மரையில் ஈரம் இல்லையென்றால் சாதாரண நீல மை ஊற்றலாம். ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க் ஊற்றினால் மறுபடி டம்ளர்தான்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏற ஏற வெளியே காற்றழுத்தம் குறையும். பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை மூடிக்குள் தள்ளிவிடும். பாதி தீர்ந்த பேனாவில் காற்று அதிகம், அதனால் ஒழுகலும் அதிகம். குளிர்ந்த பேனாவைக் கையில் இறுக்கிப் பிடித்து எழுதும்போது சொட்டுவதும் கைச்சூட்டில் உள்ளே காற்று விரிவதால்தான். எனவே பயணத்துக்கு முன் முழுக்க நிரப்புங்கள், அல்லது மையைக் கொட்டிவிடுங்கள். எப்படியானாலும் நிப்பு மேலே பார்க்கச் சட்டைப் பையில் வையுங்கள்.