பத்துக்கு நாலா, ஐந்துக்கு நாலா?

சிங்கப்பூரில் என் முதல் செமஸ்டர் முடிவு வந்த அன்று ஊரில் அப்பாவுக்குப் போன் போட்டு, "நாலு புள்ளி ஒன்னு வந்திருக்குப்பா" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "பத்துக்கா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நம் ஊர்க் கல்லூரிகளில் பத்துக்குத்தானே கணக்கு.

சிங்கப்பூருக்குள்ளேயே அளவுகோல் வேறுபடும். என்யூஎஸ், என்டியூ பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் ஐந்துக்கு, எஸ்எம்யூ பல்கலைக்கழகத்தில் நாலுக்கு. அதனால் எஸ்எம்யூ நண்பன் 3.8 என்றால் பிரமாதம். அதே எண் என்யூஎஸ்ஸில் மேலிருந்து மூன்றாவது படியான 'மெரிட்' ஆனர்ஸ் பட்டம்தான். இருபதால் பெருக்கிச் சதவீதமாக்குவதும் தப்பு. என்யூஎஸ்ஸில் ஏ-க்கு 5, ஏ மைனஸுக்கு 4.5, பி பிளஸுக்கு 4. எல்லாப் பாடத்திலும் பி பிளஸ் வாங்கினால் சராசரி 4.00, அதுவே இரண்டாவது படியான 'டிஸ்டிங்ஷன்'. எழுத்தும் ஏமாற்றும்: அண்ணா பல்கலையில் பி பிளஸ் என்றால் பத்துக்கு 7. வேலை விண்ணப்பத்தில் எதையும் மாற்றாமல் '4.1/5' என்றே எழுதுங்கள்.

நான் பெரிதாகச் சறுக்கியது 'பெல் கர்வ்' விஷயத்தில், அதாவது வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டு கிரேடு போடும் முறையில். இடைத்தேர்வில் 78 வாங்கிவிட்டு லிட்டில் இந்தியாவின் டேக்கா சந்தையில் பிரியாணி சாப்பிட்டுக் கொண்டாடினேன். வகுப்புச் சராசரி 84 என்று மறுநாள்தான் தெரிந்தது. இங்கே வெறும் மதிப்பெண்ணை வைத்து மகிழவும் முடியாது, அழவும் முடியாது. வகுப்பில் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். கஷ்டமான தாளில் 60 வாங்கியவருக்கு ஏ மைனஸ் வருவதும் உண்டு. இதைக் கேட்டதும் சிலர் நோட்ஸை ஒளித்துவைக்க ஆரம்பிப்பார்கள். முந்நூறு பேர் வகுப்பில் பக்கத்து அறைக்காரன் நன்றாக எழுதுவதால் உங்கள் கிரேடு எவ்வளவு இறங்கிவிடப் போகிறது? சேர்ந்து படித்தால் இருவருக்கும் லாபம்.

ஸ்டடி ஹாலிடேயில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கத்தையும் விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். பதின்மூன்று வாரப் பாடத்தில் ப்ராஜெக்ட், இடைத்தேர்வு, டியூட்டோரியலில் வாய் திறந்து பேசுவது எல்லாமே மதிப்பெண்ணில் சேரும். ஆசிரியர் முன் அடக்கமாக உட்கார்ந்திருந்தால் அந்தப் பங்கு போச்சு.

அரியர் வைத்து எழுதிக்கொள்ளலாம் என்பதும் என்யூஎஸ்ஸில் நடக்காது. தோற்ற பாடத்தின் எஃப் சராசரியை இழுத்துக்கொண்டே இருக்கும். தப்பித்தவறி டி வாங்கினால் அது பாஸ். மதிப்பெண்ணை உயர்த்த மறுபடி எடுக்க விடமாட்டார்கள்.

அதற்கு மாற்றாகத்தான் அங்கே 'எஸ்/யூ' இருக்கிறது, கிரேடுக்குப் பதிலாகத் திருப்தி (எஸ்) அல்லது திருப்தியில்லை (யூ) என்று மட்டும் போடும் முறை. குறிப்பிட்ட யூனிட் (பாடத்தின் எடையளவு) வரை, கிரேடைப் பார்த்த பிறகே, அந்தப் பாடத்தைச் சராசரியில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லலாம். நம்மவர்கள் சிலர் இதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: தலா நாலு யூனிட்டில் ஐந்து பாடம். நாலில் பி பிளஸ், ஒன்றில் சி, அதாவது 2. சராசரி 3.6. அந்த சி-யை எடுத்துவிட்டால் 4.00. இப்போது மானம் எந்தப் பக்கம்?

ஆனால் தேர்ந்தெடுத்தபின் மாற்ற முடியாது. உங்கள் துறையின் சில பாடங்களுக்கு இது செல்லாது, உதவித்தொகை வாங்குபவர் அந்த விதியையும் படிக்க வேண்டும். முடிவு வெளியாகும் சமயத்தில் பாதிப் பேர் ஊரில் கல்யாணம், கோயில் என்று சுற்றிக்கொண்டிருப்பார்கள். கெடு சில நாட்கள்தான். டிக்கெட் போடும்போதே அந்தத் தேதியையும் காலண்டரில் குறித்துவிடுங்கள்.