பேசாமலே யோசனை வாங்குங்க

திருப்பூர் பனியன் கம்பெனி மீட்டிங்கை ஒரு தடவை கவனித்துப் பாருங்க. ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசரும் கட்டிங் மாஸ்டரும்தான் பேசுவார்கள், செக்கிங் டேபிளில் நாள் முழுக்கத் துணியைப் புரட்டுகிற அக்கா "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். இதற்கு, பேசாமல் எழுதியே யோசனை சேர்க்கிற 6-3-5 முறை நல்ல மருந்து. 1968-ல் ஜெர்மனியின் பெர்ண்ட் ரோர்பாக் கொண்டுவந்தது.

ஆறு பேரை உட்கார வையுங்க, ஆளுக்கு ஒரு தாள். பிரச்சினையை ஒரே வரியில் சொல்லுங்க: ஒரே பனியனில் கைத்துணியும் உடம்புத்துணியும் ஷேடு (நிறச் சாயல்) மாறுவதை எப்படி நிறுத்துவது? ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை எழுதித் தாளைப் பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும், அவர் அதைப் படித்துவிட்டு, அதை ஒட்டியோ புதிதாகவோ இன்னும் மூன்று எழுதுவார். ஆறு சுற்று, அரை மணி நேரம், 108 யோசனை வரை கிடைக்கும். யாரும் வாயே திறக்கக் கூடாது, முதலாளியும்தான், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. எழுத்து வராதவர்கள் படம் வரைந்தாலும் போதும்.

எங்கள் யூனிட்டில் ஒரு செக்கிங் அக்கா எழுதியது: "துணி ரோலுக்கு ஒரு கலர் என்று வைத்து, அந்த ரோலில் வெட்டிய பண்டலை அந்தக் கலர் பிட்டுத் துணியால் கட்டலாம்." அடுத்துத் தாளை வாங்கிய டெய்லர், "அதே கலர் பிட்டைத் தையல் மெஷின் இருக்கிற பவர்டேபிளிலும் கட்டி வைத்தால் பண்டல் கலக்காது" என்று சேர்த்தார்.

அப்புறம் தாள்களைச் சுவரில் ஒட்டி, பிடித்த யோசனைக்கு ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர் பொட்டு வைக்கச் சொல்லுங்க. அதிகப் பொட்டு வாங்கியதை மறுநாளே ஒரு லைனில் செய்து பாருங்க.