ஓஷா சைட்டேஷன் வந்ததும் சிறு முதலாளிகள் செய்யும் தவறு

அமெரிக்காவில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் அழைத்தார். ஓஷா (அங்கத்திய பணியிடப் பாதுகாப்புத் துறை) சைட்டேஷன், அதாவது விதிமீறல் நோட்டீஸ், வந்திருக்கிறதாம். "ஏரியா டைரக்டர் பேச வரச் சொல்லியிருக்கார், பார்த்துக்கலாம்" என்றார். ஏரியா டைரக்டர் என்பவர் ஓஷாவின் உள்ளூர் அலுவலகத் தலைவர். கையில் கிடைத்து எத்தனை வேலை நாள் ஆனது என்று கேட்டேன். பதின்மூன்று.

சோதனைக்கு வரும் அதிகாரியின் அடையாள அட்டையைப் பாருங்கள், மரியாதையாகப் பேசுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது வேறு.

பேச்சுவார்த்தை நடந்தால் கெடு நிற்கும் என்று நம்புவது

நிற்காது. சைட்டேஷன் கைக்கு வந்ததிலிருந்து 15 வேலை நாட்களுக்குள் எதிர்ப்பை எழுத்தில் அனுப்ப வேண்டும். சனி, ஞாயிறு, ஃபெடரல் விடுமுறைகள் கணக்கில் வராது. வாயால் சொன்ன எதிர்ப்பு எதிர்ப்பே இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பிரஸ் மெஷினில் ஓர் ஆபரேட்டர் கையைக் காக்கும் தடுப்பை (guard) கழற்றிவிட்டு வேலை பார்த்திருந்தார். கழற்றக் கூடாது என்ற விதி, பயிற்சிக் கையெழுத்து, முன்பு மீறியவர்களுக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதங்கள் எல்லாம் எங்களிடம் இருந்தன. வாதாட வலுவான வழக்கு. பத்தாம் நாள் பேசப் போனோம். நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்த போனுக்காகக் காத்திருந்தே கெடு முடிந்துவிட்டது. அப்புறம் அது இறுதி உத்தரவு. அந்த ஃபைலை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இன்று நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

அபராதத்தைக் கட்டியதோடு இது முடிவதில்லை. பொதுவாக 5 வருடத்துக்குள் அதே மாதிரி மீறல் வந்தால் அது "ரிப்பீட்". ரிப்பீட்டுக்கான உச்ச அபராதம் சீரியஸ் மீறலுக்கானதைப் போல 10 மடங்கு.

அதனால் முதலில் கடிதத்தை அனுப்புங்கள், பிறகு பேசுங்கள். சமரசம் ஆனால் எதிர்ப்பைத் திரும்பப் பெறலாம். அதில் அபராதத்தை மட்டும் எதிர்க்கிறீர்களா, மீறலையே எதிர்க்கிறீர்களா என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

வாரன்ட்

சைட்டேஷனுக்கு முன்பே, அதிகாரி சோதனைக்கு வரும்போது கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. உள்ளே விடும் முன் வாரன்ட் (நீதிமன்ற அனுமதி) கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 1978-இல் பார்லோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் வாசலில் நின்று கோபத்தில் எடுக்கும் முடிவல்ல அது. வக்கீலிடம் முன்பே பேசி வையுங்கள்.

ஊர் சுற்றிக் காட்டுவது

புகார் ஒரு மெஷினைப் பற்றியது என்றால் நேராக அங்கே அழைத்துப் போங்கள். வழியில் கண்ணில் படுவதையும் அதிகாரி மீறலாக எழுதலாம்.

ஊழியர் பேட்டியில் உட்காருவது

தொழிலாளியிடம் அதிகாரி தனியாகப் பேசலாம். மேலாளர் பேசும்போது மட்டும் கூட இருங்கள்.

அதிகாரியைத் தனியாக நடக்க விடுவது

கூடவே போங்கள். அவர் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் நீங்களும் எடுங்கள்.

நண்பர் அன்று மாலையே கடிதத்தை அனுப்பிவிட்டார். பேச்சுவார்த்தைக்கு அடுத்த நாள்தான் போனார்.