ஊர் வீட்டை விற்கப் போகிறீர்களா? பெயிண்ட் அடிக்கும் முன் சுவரைப் பாருங்கள்

மெல்பர்னுக்குப் புதிதாக வந்திருக்கும் நம் கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பிள்ளைகள் மாதம் ஒருவராவது கூப்பிட்டு இதைத்தான் கேட்கிறார்கள். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது, விற்றுவிட்டு இங்கே ஒன்று வாங்கலாமென்று இருக்கிறோம், எங்கே ஆரம்பிப்பது? போன வருஷம் வடவள்ளியில் அப்பா கட்டிய வீட்டை விற்றதில் எனக்கு 6 லட்சம் போனது. அது எப்படிப் போனது என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் சார்பில் விற்கச் சித்தப்பாவுக்கோ மச்சானுக்கோ பவர் பத்திரம் கொடுப்பதென்றால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், அது ஊர் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அப்புறம் வரி. ஊரில் இருப்பவர் 50 லட்சமோ அதற்கு மேலோ விற்றால் வாங்குபவர் 1% பிடிப்பார், ஆனால் வருமான வரிக் கணக்கில் நாம் வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டால் இந்த 1% நமக்குப் பொருந்தாது, அதைவிட நிறையப் பிடிப்பார்கள். குறைத்துப் பிடிக்கச் சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது, விலை பேசும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். இங்கே சனிக்கிழமையானால் விற்பனைக்கு வந்த வீடுகளைத் திறந்து வைத்திருப்பார்கள், நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள். சொந்தச் சாமானையெல்லாம் கிளப்பிவிட்டு, வாடகைக்கு சோபா கட்டில் கொண்டுவந்து போட்டு, குடும்பப் படம் ஒன்றுகூட இல்லாமல் பளிச்சென்று வைத்திருப்பார்கள். ஸ்டேஜிங் என்று அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது. அதைப் பார்த்துவிட்டு நான் சித்தப்பாவிடம், வீட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது, சாமி படம் உள்பட எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். முதலில் வந்த பல்லடத்துக்காரர் சாமி ரூமை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே காணோமுங்களே, வீட்டுல ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டார். அப்புறம் அவர் வரவே இல்லை. மாலை போட்ட அப்பா படத்தைச் சித்தப்பா தன் வீட்டுக்குக் கொண்டுபோனது சரிதான். ஆனால் ஒரு முருகன் படம், ஒரு விளக்கு, வாசலில் கோலம், இவை இல்லாத வீடு நம் ஊர்க் கண்ணுக்கு ஆகாத வீடு.

நம் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் ஹாலை அப்புறம்தான் பார்ப்பார்கள், முதலில் குழாயைத் திறப்பார்கள். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை, போர் எத்தனை அடி என்பதுதான் முதல் கேள்வி. மாதக்கணக்கில் ஓடாத போரில் முதலில் செம்பழுப்பாகத் தண்ணீர் வரும், அதை வருகிறவர் பார்க்க வேண்டாம், 2 நாள் முன்பே மோட்டாரைப் போட்டு ஓடவிட்டு டேங்கையும் கழுவச் சொல்லுங்கள். பூட்டிய வீட்டில் பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்கு அடியில் தேங்கி நிற்கும் தண்ணீர் வற்றிவிட்டால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் நேராக மேலே வரும். வாரம் ஒரு பக்கெட் ஊற்றினால் போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று ஜன்னல் சந்தெல்லாம் புழுதியை அப்பிவிடும், அது முடிந்த பிறகு கழுவுங்கள், ஆடியில் எப்படியும் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள்.

இனி அந்த 6 லட்சம். அப்பா 1998இல் அந்த வீட்டைக் கட்டும்போது போர்த் தண்ணீரில்தான் கலவை போட்டார்கள், உப்புத் தண்ணீர். பின்பக்க அறைச் சுவர் தரையிலிருந்து 2 அடிக்குப் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், சின்ன வயதில் நான் அதை நகத்தால் பெயர்த்து விளையாடியிருக்கிறேன். செப்டம்பரில் பெயிண்டர் 4 நாளில் முடிக்கிறேன் என்றார், நானும் சரி என்றேன். பொரிந்த இடத்தைச் சுரண்டி, பட்டி பார்த்து, மேலே எமல்ஷன் பெயிண்ட். வீடியோவில் பார்த்தபோது புது வீடு மாதிரி இருந்தது, அம்மா அழுதேவிட்டாள்.

நவம்பரில் மழை. சோமனூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து விலை பேசி முடித்து, அட்வான்ஸ் கொடுக்கும் முன் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை வந்தது. அவர்கள் வீட்டு ஆத்தா நேராகப் பின்னறைக்குப் போய்க் குனிந்து, பெயிண்டில் உப்பியிருந்த ஒரு கொப்புளத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். பொலபொலவென்று மாவு கொட்டியது. "செவுரு பூத்துக் கெடக்குது, மேல பூசி மறச்சிருக்காங்களாட்ட இருக்குது" என்றார். போனில் எல்லாம் எனக்குக் கேட்டது. ஒரு சுவரை மறைத்தவன் இன்னும் எதையெல்லாம் மறைத்தானோ என்று அவர்கள் நினைத்தது நியாயம்தான். அன்றைக்கே 6 லட்சம் குறைத்தார்கள். எங்கள் அப்பா கட்டிய வீட்டை ஏமாற்றி விற்கப் பார்த்தவன் என்ற பேச்சுத்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சுவருக்குள் இருக்கும் உப்பு ஈரத்தோடு மேலே ஏறி, ஈரம் காயும் இடத்தில் பூக்கும். பூக்கும்போது மேலே இருப்பதைத் தள்ளிவிடும், எவ்வளவு விலை பெயிண்ட் ஆனாலும் சரி. அதனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள், பாத்ரூம் பைப்பா, வெளியே தேங்கும் மழைத் தண்ணீரா என்று. அதை அடைத்துவிட்டு, பொரிந்த இடத்துக்கு மேலும் ஓர் அடி வரை பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, நல்ல தண்ணீரில் கலவை போட்டுப் பூசுங்கள். அது ஆறக் குறைந்தது 28 நாள் விட்டு அப்புறம் பெயிண்ட். 4 நாளில் ஆகிற வேலை இல்லை இது. அதற்கு நேரமோ காசோ இல்லையென்றால் சுவரை அப்படியே விட்டுவிட்டு, இந்த இடத்தில் உப்புப் பூக்கும் என்று நீங்களே சொல்லி ஒரு லட்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் யாரையாவது அனுப்பி எல்லாச் சுவரின் அடியையும் கிட்டத்தில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கோடையில் எடுத்த வீடியோவை நம்ப வேண்டாம்.

பத்திரம் முடிந்த வாரம் அந்த ஆத்தாவே எனக்குப் போன் செய்தார். ஊரில் ராத்திரி 7 மணி, இங்கே பன்னிரண்டரை. "கண்ணு, நல்ல தண்ணி வால்வு எங்க இருக்குது?" துளசி மாடத்துக்குப் பின்னால் சின்ன சிமெண்ட் மூடி இருக்கும், தூக்குங்க ஆத்தா, இடது கைப்பக்கம் நல்ல தண்ணி, வலது போர் என்றேன். அவர் மூடியைத் தூக்கி வால்வைத் திருகி, தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிற வரைக்கும் போனை வைக்காமல் இருந்தேன்.