கரையிலிருந்து அடித்தரை மீனுக்கு முதல் தூண்டில் செட்: ஈயத்தில் ஆரம்பியுங்கள்

தூண்டில் கடையில் முதலில் கையில் கொடுப்பது ராட். அதை ஆட்டிப் பார்த்து மனசுக்குப் பிடித்துப்போனால் அதற்கு ஒரு ரீல், ரீலுக்கு ஒரு நூல், கடைசியாகக் கல்லாவுக்குப் பக்கத்து டப்பாவிலிருந்து கையில் அகப்பட்ட ஈயம் இரண்டு. ஏரிக்கும் குளத்துக்கும் இந்த வரிசை போதும். கடலில் இரையைத் தரையில் கிடக்கவைத்துப் பிடிக்க இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். தரையைப் பார்த்து ஈயம், ஈயத்தைப் பார்த்து ராட், ராடைப் பார்த்து ரீல்.

நான் எழுதுவது சென்னைக் கரையை வைத்து. நீலாங்கரை, கோவளம் பக்கம் மணல். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகள். படகில் போய் நேராக இறக்குபவர்களுக்கு வேறு கணக்கு, அது இங்கே வராது. முடிச்சு போடுவதும் ரீலில் நூல் சுற்றுவதும் வீடியோவில் பார்த்தால் சீக்கிரம் பழகிவிடும், அவற்றையும் விட்டுவிடுகிறேன்.

முதல் படி: தரை, ஈயம்

மணல் தரைக்குப் பிரமிட் வடிவ ஈயம். முனை மணலில் புதைந்து நிற்கும். உருண்டை ஈயம் மணலில் உருண்டுகொண்டே கரைக்கு வந்துவிடும். அலை பலமாக இருந்தால் நான்கு கம்பிக் கால் வைத்த ஈயம் இன்னும் நன்றாகப் பிடிக்கும். கல்லுக்கு இந்த இரண்டுமே ஆகாது. முதல் வீச்சிலேயே இடுக்கில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். கல்லில் வழவழப்பான நீள ஈயம் போடுங்கள். மெக்கானிக் கடையில் கழித்துப்போட்ட ஸ்பார்க் பிளக் கிடைத்தால் அதுவும் நல்லதே. போனாலும் வருத்தம் இருக்காது.

எடை எவ்வளவு? 60 கிராமில் ஆரம்பியுங்கள். வீசி, நூலை இறுக்கி, ராடை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நூல் தண்ணீரில் இறங்கும் இடத்தைக் கவனியுங்கள். அந்தப் புள்ளி மெதுவாக வடக்கேயோ தெற்கேயோ நகர்ந்துகொண்டே போனால் ஈயம் நிற்கவில்லை என்று அர்த்தம். 85 கிராமுக்கு மாறுங்கள். சென்னைக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் கரையோர நீரோட்டம் வடக்கே ஓடும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்பிவிடும். அதனால் ஒரே இடத்தில் ஆடியில் நின்ற ஈயம் கார்த்திகையில் நிற்காமல் போகலாம். 100 கிராமும் நிற்காத கடலில் புதிதாகப் பழகுபவருக்கு வேலை இல்லை. வீட்டுக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் படி: நூல்

தங்கூஸா (ஒற்றை இழை நைலான் நூல்), பிரெய்டா (பல இழை பின்னிய நூல்) என்று கேட்டால் நான் பிரெய்ட் பக்கம். ஒல்லியாக இருக்கும் என்பதுதான் காரணம். 20 எல்பி (பவுண்டு, நூல் தாங்கும் பலம்) பிரெய்ட் அதே பலமுள்ள தங்கூஸில் ஏறக்குறைய பாதிப் பருமன்தான் இருக்கும். பருமன் குறைந்தால் நீரோட்டம் நூலைத் தள்ளுவது குறையும், ஈயத்தின் எடையும் குறைக்கலாம், தூரமும் போகும். பிரெய்ட் நீளாது என்பதால் மீன் இரையை முகர்ந்தாலே விரலுக்குத் தெரியும். விரலுக்கு ஒரு உறையோ பிளாஸ்திரியோ கட்டாயம். வீசும்போது பிரெய்ட் தோலை அறுத்துவிடும்.

ஆனால் பிரெய்டை நேராக ஈயத்தில் கட்டக் கூடாது. முன்னால் தடித்த தங்கூஸ் ஒரு துண்டு வேண்டும், லீடர் என்பார்கள். ஈயம் ஒரு அவுன்ஸுக்கு 10 எல்பி என்று பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு அவுன்ஸ் 28 கிராம். 85 கிராம் மூன்று அவுன்ஸ், ஆகக் குறைந்தது 30 எல்பி. இரையின் எடையும் சேரும் என்பதால் நான் 40 எல்பி போடுகிறேன். நீளம் ராடைப் போல இரண்டு மடங்கு இருந்தால், வீசும் நேரத்தில் லீடர் ரீலில் சில சுற்று கிடக்கும். வீச்சின் முழு வேகத்தையும் தாங்குவது அந்தச் சுற்றுகள்தான். இல்லாவிட்டால் நூல் அறுந்து ஈயம் தனியாகப் பறக்கும். கரையில் அடுத்தவர் நிற்கும்போது அது விளையாட்டல்ல.

லீடர் தங்கூஸைத் துறைமுகத்தை ஒட்டிய வலைக்கடைகளிலேயே வாங்கலாம். தூண்டில் கடையில் பளபள டப்பாவில் விற்பதற்கும் இதற்கும் அடித்தரைத் தூண்டிலில் பெரிய வித்தியாசம் தெரியாது. பிரெய்டையும் லீடரையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு போதும். எஃப்ஜி என்ற முடிச்சு ஒல்லியாக, ராடின் வளையத்தில் சிக்காமல் போகும், உண்மைதான். காற்றடிக்கும் கல் மேல் நின்று அதைப் போட்டுப் பழக வேண்டாம்.

மூன்றாம் படி: ராட்

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது, நானும் சேர்த்து. ராடின் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் இரண்டு கணக்கு இருக்கும். 15-30 எல்பி என்பது எந்தப் பலமுள்ள நூல் போடலாம் என்பது. 60-120 கிராம் என்பது எவ்வளவு எடையை வீசலாம் என்பது. அடித்தரைத் தூண்டிலுக்கு இரண்டாவதுதான் முக்கியம். கடைக்காரர் பெரும்பாலும் முதலாவதைப் படித்துக்காட்டி, “முப்பது எல்பி தாங்கும் சார்” என்பார். அதை வைத்து 85 கிராம் ஈயத்தை வீசலாமா என்று முடிவு செய்ய முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈயம் 85 கிராம். அரை மத்தி ஒன்றைத் தூண்டில் முள்ளில் கோத்தால் 20 கிராம் கூடும். ஸ்விவல் (நூல் முறுக்காமல் சுழலும் இணைப்பு), முள், நனைந்த நூல் எல்லாம் சேர்த்து 110 கிராம். இதை 40-80 கிராம் எழுதிய ராடில் பலமாக வீசினால், முனை ஒரேயடியாக வளைந்து போய் நிமிர நேரமில்லாமல் ஈயம் பக்கவாட்டில் கிளம்பும். அதிர்ஷ்டம் கெட்டால் முனைக்கு இரண்டாவது வளையம் பக்கத்தில் முறியும். மீனை இழுத்தபோது முறிந்தது என்று கடைக்குத் திரும்ப எடுத்துப் போகிற ராடுகளில் பல, வீச்சிலேயே உள்ளுக்குள் விரிசல் விட்டவை.

மறுபக்கமும் உண்டு. 60-120 ராடில் 20 கிராம் ஈயத்தைக் கட்டினால் ராட் வளையவே வளையாது. கம்பு வளைந்து நிமிரும் விசைதான் ஈயத்தைத் தள்ளுகிறது, வளையாத கம்பால் பத்தடி தள்ளிப் போடலாம், அவ்வளவுதான். ராடைக் கொஞ்சம் பெரியதாகவே வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்பது இதனால்தான் சரிப்படாது.

முதல் ராடு ஒன்றே ஒன்று என்றால்: 10 அடி, இரண்டு துண்டு, 60-120 கிராம். கல் மேல் நிற்கும்போதும் அந்த நீளம், நூலைக் கல் விளிம்பில் உரசாமல் தள்ளிப் பிடிக்க உதவும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் டெலஸ்கோப் ராட் பஸ்ஸில் கொண்டுபோக வசதி. ஆனால் மூட்டில் மணல் புகுந்துவிட்டால் நீளவும் நீளாது, மடங்கவும் மடங்காது. எனக்கு வேண்டாம்.

நான்காம் படி: ரீல்

ஸ்பின்னிங் ரீல், 5000 அல்லது 6000 அளவு. இந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பென் 5000, ஷிமானோ 5000-ஐவிடப் பெரியது. அதனால் எண்ணை விட்டுவிட்டு, நாம் போடப்போகும் பிரெய்ட் 200 மீட்டருக்குக் குறையாமல் கொள்ளுமா என்று ஸ்பூலில் (நூல் சுற்றும் உருளை) எழுதியிருப்பதைப் பாருங்கள். பணத்தை ராடில் மிச்சம் பிடித்து ரீலில் போடுங்கள். உப்புக் காற்று முதலில் தின்பது ரீலைத்தான். உலோக உடம்பும் கார்பன் டிராக் (மீன் பலமாக இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்) வாஷரும் உள்ள பென் பேட்டில் என் தேர்வு. கனமாக இருக்கிறது என்று குறை சொல்வார்கள், சொல்லட்டும்.

டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து வைக்காதீர்கள். பெட்டி எடை பார்க்கும் சின்னத் தராசு வீட்டில் இருக்கும். நூல் முனையை அதில் மாட்டி, ராடைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். நூல் பலத்தில் கால் பங்கில் ரீல் நூலை விட ஆரம்பிக்க வேண்டும். 20 எல்பி என்பது 9 கிலோ, ஆகவே 2 கிலோவைத் தாண்டிக் கொஞ்சம். முதல் முறை பார்ப்பவருக்கு அது எவ்வளவு இறுக்கம் என்பதே ஆச்சரியமாக இருக்கும்.

ஐந்தாம் படி: முள்ளும் கட்டும்

முள் எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. வெறும் எண்ணாக இருந்தால் எண் ஏற ஏற முள் சின்னது. 6-ஆம் எண் முள் 4-ஐவிடச் சின்னது. பக்கத்தில் பூஜ்யம் வந்துவிட்டால் தலைகீழ்: 1/0-வைவிட 3/0 பெரியது. கிழங்கானுக்கு 6 அல்லது 4, இரை சின்ன இறால் துண்டு. கெளுத்தி, செப்பிலி, கலவாவுக்கு 1/0 முதல் 3/0, இரை மத்தித் துண்டு அல்லது கணவாய். பெரிய முள்ளில் வட்ட முள் வாங்குங்கள். மீன் இழுத்ததும் ராடை வெட்டி இழுக்கக் கூடாது, நிதானமாக ரீலைச் சுற்றினால் அதுவே வாயோரத்தில் ஏறிக்கொள்ளும்.

மணலுக்கு ஓடும் ஈயக் கட்டு: லீடரில் ஓடுகிற மாதிரி ஈயம், அதற்குக் கீழே முடிச்சைக் காக்க ஒரு பாசிமணி, பிறகு ஸ்விவல், அதிலிருந்து ஒரு முழம் தங்கூஸ், முள். மீன் இரையை எடுத்துப் போகும்போது ஈயத்தின் எடை அதற்குத் தெரியாது.

கல்லுக்கு ஈயத்தைத் தனியாக 10 எல்பி மெல்லிய தங்கூஸில் கட்டித் தொங்கவிடுங்கள். மாட்டிக்கொண்டால் அது மட்டும் அறுந்து, மீனும் மீதிக் கட்டும் வரும். இந்தக் கட்டைப் பலமாக வீசக் கூடாது. மெல்லிய நூல் வீச்சிலேயே அறுந்துவிடும். கீழ்க்கையாக மெதுவாகப் போடுங்கள். கலவா கல்லோரத்தில்தான் இருக்கும், தூரம் தேவையில்லை.

பின்சேர்க்கை

“டிராக்கை முழுக்க இறுக்கியும் நூல் ஓடிக்கொண்டே இருக்கிறது, ரீல் பழுதா?” என்று பலர் கேட்டிருந்தார்கள். ரீல் நன்றாகத்தான் இருக்கிறது. வழுக்கும் ஸ்பூலில் பிரெய்டை நேராகச் சுற்றினால் சுருள் மொத்தமாக ஸ்பூலைச் சுற்றி வழுக்கும். எல்லாவற்றையும் அவிழ்த்து, முதலில் பத்துச் சுற்றுத் தங்கூஸ் சுற்றி, அதில் பிரெய்டைக் கட்டிச் சுற்றுங்கள்.

திரும்பி வந்ததும் ரீலை எப்படிக் கழுவுவது என்றும் கேட்டிருந்தார்கள். டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துத் துடையுங்கள். குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பு உள்ளே போகும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது. கரையில் நின்று தூண்டில் போடுபவருக்கு அது இல்லை. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்களுக்கு: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவில் வருகின்றன, அங்கே தூண்டிலோடு போகவே வேண்டாம். கரையிலிருந்து போடும்போது பாறை, பவளத் துண்டு இருக்கிற இடமானால் மேலே கல்லுக்குச் சொன்ன கட்டையே போட்டுக்கொள்ளுங்கள்.